மேகசின் வந்துச்சா?

என்னிடம் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. இரண்டு முறை சுடும். மூன்றாவது முறை யோசிக்கும்.

அது யோசிக்கிற அழகைப் பார்க்க வேண்டும். மேலே உள்ள ஸ்லைடு பாதி வழியில் நின்றுவிடும். எட்டிப் பார்த்தால், கல்யாணப் பந்தியில் இலை கிடைக்காமல் நடுவில் மாட்டிக்கொண்ட மாமா மாதிரி, ஒரு தோட்டா முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல் மூக்கைக் குத்திக்கொண்டு சாய்ந்து கிடக்கும். சுடுமிடத்தில் பக்கத்துத் தடுப்பில் தாத்தாவோடு வந்த பொடியன் மடமடவென்று சுட்டுத் தள்ளிக்கொண்டிருப்பான். நான் துப்பாக்கியின் வாயை இலக்குப் பக்கமே வைத்தபடி, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைப் பிடுங்கி, ஸ்லைடை இழுத்து, அந்த மாமாவைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவருவேன்.

டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் குடியிருக்கிறேன். கும்பகோணத்தில் லயன் காமிக்ஸ் வாங்கி, கௌபாய் டெக்ஸ் வில்லரின் தோட்டாக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் படித்து வளர்ந்தவன் டெக்சாஸுக்கே வந்து சேர்ந்தால் என்ன ஆவான்? ஒன்றும் ஆகமாட்டான். ஹெச்-1பி விசாவில் வருவான். அந்த விசாக்காரர்கள் துப்பாக்கி வாங்க அமெரிக்கச் சட்டத்தில் இடமில்லை. வேட்டை லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் கரப்பான்பூச்சியையே மனைவியை அழைத்து அடிக்கச் சொல்கிறவன் எந்த முகத்தோடு வேட்டை லைசென்ஸ் கேட்பது? பச்சை அட்டை வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வந்த மறு மாதம் வீட்டில் பேச்செடுத்தேன்.

"பாதுகாப்புக்கு" என்றேன்.

"நம்ம வீட்ல திருட என்னங்க இருக்கு? வெட் கிரைண்டரா?" என்றாள் மனைவி. "அதைத் தூக்கிட்டு ஓடறவனைச் சுடவே வேண்டாம். அவனே விழுந்துடுவான்."

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருப்பதால் முதலில் இரும்புப் பெட்டி வரும், பிறகுதான் துப்பாக்கி வரும். பெட்டியின் விலை துப்பாக்கியின் விலையைத் தொட்டது. அதன் ரகசிய எண் இன்றைக்கும் அவளுக்குத்தான் நினைவிருக்கிறது.

புதிது வாங்கக் கை வரவில்லை. பழையது வாங்கினேன். விற்றவர் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். இந்த மாநிலத்தில் பழைய கார் வாங்கினால் பெயர் மாற்ற கவுன்டி ஆபீஸில் வரிசையில் நிற்க வேண்டும். தனி ஆளிடமிருந்து பழைய துப்பாக்கி வாங்கினால் ஒரு படிவமும் இல்லை. நாலு கையெழுத்தாவது போடுவோம் என்று நான் பேனாவை எடுத்தேன். பெரியவர் கையைக் குலுக்கி, "தையல் மெஷின் மாதிரி ஓடும்" என்றார். இங்கே துப்பாக்கிக்கு அதைவிடப் பெரிய நற்சான்றிதழ் கிடையாது. வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன்.

"எங்கம்மா தையல் மெஷின் பத்துத் தையலுக்கு ஒருதரம் நூலை அறுத்துக்கும். அந்த மாதிரியா?" என்றாள்.

துப்பாக்கியோடு நான்கு மேகசின்கள் வந்தன. மூன்று பளபளவென்று எவர்சில்வர் டம்ளர் மாதிரி. நான்காவது பழசு, கருநீலம், ஓரங்கள் தேய்ந்து, பார்த்தாலே ஏதோ போருக்குப் போய்வந்த களை. அதன்மேல் எனக்கு அன்றே ஒரு பிரியம் விழுந்துவிட்டது. அன்று மாலை கராஜில் தனியாக நின்று, சினிமாவில் செய்வதுபோல், கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி அந்த வெறும் மேகசினைக் கீழே நழுவவிட்டேன். சிமென்ட் தரை. டங். யாரும் பார்க்கவில்லை. இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

வாங்கியது 1911 என்று அழைக்கப்படுகிற வகை. எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன், அவர்கள்மேல் தப்பில்லை. ஜான் பிரவுனிங் என்கிற யூட்டா மாநிலத்துக்காரர் வடிவமைத்தது. 1926-இல் பெல்ஜியத்தில், வேலை பார்த்துக்கொண்டிருந்த பட்டறையிலேயே உயிர் பிரிந்த மனிதர். அமெரிக்க ராணுவம் இதை 1911 மார்ச்சில் ஏற்றுக்கொண்டு 1985 வரை விடவில்லை. ஏற்பதற்கு முன் ஒரு பரீட்சை வைத்தார்கள்: 6,000 குண்டுகள் சுட வேண்டும். சூடு ஏறினால் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடியும் சுட வேண்டும். போட்டிக்கு நின்ற இன்னொரு துப்பாக்கி 37 முறை மக்கர் செய்தது. பிரவுனிங்குடையது ஒரு முறைகூடச் சிக்கவில்லை. 6,000-க்குப் பூஜ்யம். நூறு வருஷம் கழித்து அதே வடிவம் என் கைக்கு வந்து, மூன்றாவது குண்டில் மூச்சு வாங்குகிறது. கையின் ராசி.

சிக்கல் எங்கே என்று புரிய, உள்ளே நடப்பது தெரிய வேண்டும். நம் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொண்டால் போதும். மேகசின் என்பது பஸ் ஸ்டாப். ஏழு தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. கீழேயிருந்து ஸ்பிரிங் ஒன்று எல்லோரையும் மேலே நெட்டித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. குண்டு வெடித்ததும் ஸ்லைடு பின்னால் ஓடும். எக்ஸ்ட்ராக்டர் என்கிற கொக்கி காலி ஓட்டின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவரும். இன்னொரு துண்டு அதை வெளியே தள்ளிவிடும். இறங்குகிறவர் இறங்கியாயிற்று. இப்போது ஸ்லைடு முன்னால் பாய்ந்து வந்து, அடுத்த தோட்டாவை முதுகில் ஒரு தள்ளு தள்ளும். அது படிக்கட்டில், அதாவது குழாய்க்குக் கீழே உள்ள சரிவில், மூக்கு தட்டி, நிமிர்ந்து, ஏறி, உள்ளே உட்கார வேண்டும். ஏறுகிறபோதே அதன் பின்விளிம்பு கொக்கிக்குள் நுழைய வேண்டும். கண் இமைப்பதற்குள் இத்தனையும் நடக்கிறது. டவுன் பஸ்ஸைப் போலவே இங்கேயும் தகராறு எல்லாம் ஏறுகிற இடத்தில்தான். டெக்ஸ் வில்லருக்கு இந்தத் தொந்தரவு இல்லை. அவரிடம் இருப்பது ரிவால்வர். ஆறு பேருக்கும் ரிசர்வ் சீட்.

வைத்தியத்தை எண்ணெயில் ஆரம்பித்தேன். நம் ஆட்களுக்குத் தலைவலியானாலும் கதவு கிறீச்சிட்டாலும் முதல் மருந்து அதுதானே. சனிக்கிழமைக் குளியல் மாதிரி உச்சி முதல் உள்ளங்கால்வரை ஊற்றித் தேய்த்தேன். முதல் குண்டு வெடித்ததும் உபரி எண்ணெய் முழுவதும் என் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது. மூன்றாவது தோட்டா எங்கே நின்றது என்பது கண்ணுக்கே தெரியவில்லை. நின்றது என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்து, பிரித்துப் பார்ப்பது. 1911-ஐப் பிரிக்கும்போது முன்பக்கத்துப் புஷ்ஷைத் திருகினால், ஸ்லைடை முன்னால் தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங்கை அடக்கிவைத்திருக்கும் ஒரு குட்டி மூடி கையில் வரும். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டால்தான் வரும். பிடிக்காவிட்டால் போகும். போனது. சாப்பாட்டு மேஜையிலிருந்து கிளம்பி, விசிறியில் பட்டு, பூஜை அலமாரியில் பிள்ளையாருக்கு முன்னால் உள்ள தட்டில் மோதகம் மாதிரி போய் விழுந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு எடுத்துவந்தேன்.

திருப்பி மாட்டும்போது இன்னொரு கண்டம் உண்டு. பக்கவாட்டில் ஸ்லைடு ஸ்டாப் என்று ஒரு நெம்புகோல். அதை அவசரப்பட்டு உள்ளே தள்ளினால் துப்பாக்கியின் உடம்பில் வளைவாக ஒரு கீறல் விழும். உலகம் முழுவதும் 1911 வைத்திருப்பவர்கள் அதை "முட்டாள் கீறல்" என்றே அழைக்கிறார்கள். என் துப்பாக்கியில் முந்தைய சொந்தக்காரர் ஏற்கெனவே ஒன்று போட்டிருந்தார். அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இரண்டாவதைப் போட்டேன். அடுத்த வாரம் மூன்றாவது. இப்போது சரியான விபூதிப் பட்டை; கும்பகோணத்துக்காரன் கைக்கு வந்த துப்பாக்கி என்று யாருக்கும் சந்தேகம் வராது.

பிறகு பணம் செலவழிக்கத் தொடங்கினேன். இந்தத் துப்பாக்கிக்கு வழக்கமான ரிகாயில் ஸ்பிரிங் 16 பவுண்டு. தோட்டா ஏறமாட்டேன் என்கிறது, ஆகவே வேகமாகத் தள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டு 18.5 பவுண்டு ஸ்பிரிங் வாங்கி மாட்டினேன். ஸ்பிரிங் கெட்டியானால் முன்னால் தள்ளும் வேகம் கூடும்தான். ஆனால் ஸ்லைடு பின்னால் முழுதாகப் போவதற்கும் அதே ஸ்பிரிங்தான் முட்டுக்கட்டை. பின்னால் முழுசாகப் போகாத ஸ்லைடு காலி ஓட்டை முழுசாக வெளியே தள்ளாது. ஆக, பழைய சிக்கலோடு புதிய சிக்கலும் சேர்ந்தது: காலி ஓடு ஸ்லைடின் வாயில் மாட்டிக்கொண்டு செங்குத்தாக, அரிசி ஆலைப் புகைபோக்கி மாதிரி நின்றது.

எக்ஸ்ட்ராக்டர் புதிதாக ஒன்று வாங்கினேன். இதற்கு நான் வெட்கப்பட வேண்டும். மேகசினே வேண்டாம் என்று ஒரு தோட்டாவைக் கையால் நேரே குழாயில் போட்டு ஸ்லைடை அறைந்து மூடி இரண்டு மூன்று நாள் "சோதனை" செய்திருந்தேன். இந்த வகைத் துப்பாக்கியில் அந்தக் கொக்கி தன்னைத்தானே வளைத்துக்கொடுக்கும் ஒரு ஸ்பிரிங் துண்டு. தோட்டா கீழேயிருந்து சறுக்கி ஏறி அதற்குள் நுழைவதுதான் முறை. முன்னாலிருந்து முட்டினால் அதன் பிடி தளர்ந்துபோகும். "இப்படிச் செய்தாயா?" என்று கடைக்காரர் கேட்டார். "சேச்சே" என்றேன். அவர் பேசாமல் பில் போட்டார்.

தோட்டாவையும் விட்டுவைக்கவில்லை. விலை கூடுதலானது நன்றாக ஓடும் என்று நம்பி, முனையில் குழிவிழுந்த, வாய் பிளந்த ஹாலோ பாயின்ட் ரகத்தை வாங்கினேன். 1911 பிறந்தபோது அதற்குப் பழக்கமான தீனி உருண்டை மூக்குள்ள 230 கிரெயின் குண்டு. பழைய துப்பாக்கிகளின் சரிவு அந்த உருண்டைக்காகவே இழைக்கப்பட்டது. வாய் பிளந்த குண்டின் விளிம்பு அதில் முட்டி நிற்பது உண்டு. சாதம் சாப்பிட்டுப் பழகிய தாத்தாவுக்குப் பீட்சாவை ஊட்டிக்கொண்டிருந்தேன். மறுபடியும் சாதத்துக்கு வந்தேன். கொஞ்சம் தேவலாம் என்று தோன்றியது. மூன்றாவது தோட்டாவுக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் கையில் பிடித்து ஓட்டும் சின்ன அரவை மெஷினை எடுத்து, அந்தச் சரிவையே கொஞ்சம் இழைத்துவிடலாம் என்று மேஜையில் உட்கார்ந்தேன். மனைவி பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஆள் ஏற முடியலன்னா படியை இடிப்பீங்களா? ஆளுக்குக் கால் வலியான்னு பார்க்க மாட்டீங்களா?"

அன்று கோபம் வந்தது. பிறகு துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் சொன்னதும் வேர்த்தது. சரிவைப் பளபளப்பாக்கலாமே தவிர, அதன் கோணத்தில் கைவைக்கக் கூடாது. அந்தச் சரிவுக்கும் குழாயின் அடி உதட்டுக்கும் நடுவே ஒரு அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு இடைவெளி இருந்தாக வேண்டும். இழைத்துத் தள்ளிய இரும்பு திரும்ப வராது. துப்பாக்கியின் உடம்பே வீண்.

இதற்கிடையே ஊரிலிருந்து அம்மா அழைத்தாள். "என்னடா குரல் ஒரு மாதிரி இருக்கு?" பிரச்சனை இன்னது என்று சொன்னால் கவலைப்படுவாள், சொல்லாமலிருந்தால் அதைவிடக் கவலைப்படுவாள். "மேகசின்லேருந்து சரியா வர மாட்டேங்குதும்மா" என்று பாதியை மென்று சொன்னேன். "மேகசின் வரலையா? போஸ்ட்மேனைக் கேட்டியா?" என்றாள் அம்மா. வாரப் பத்திரிகையின் தொடர்கதைக்காக வெள்ளிக்கிழமை வாசலில் நிற்கிற வம்சம் நாங்கள். "கேக்கறேம்மா" என்றேன்.

பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். துணைக்கு வாருங்களேன் என்று ஒருநாள் அழைத்தேன். "உந்தச் சத்தத்தைக் காசு குடுத்துக் கேக்க எனக்கென்ன விசரே?" என்று சிரித்தார். 

சுடுமிடத்தை மேற்பார்க்கும் அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். என் பின்னால் வந்து நின்று, நான் சுடுவதை இரண்டு நிமிஷம் பார்த்தார். புகைபோக்கி எழுந்து நின்றது. "கண்ணு, துப்பாக்கிமேல தப்பில்ல. உன் மணிக்கட்டு வெண்ணெய்" என்கிற பொருளில் அவர்கள் பாஷையில் சொன்னார். விஷயம் இதுதான்: ஸ்லைடு பின்னால் ஓடும்போது துப்பாக்கியின் உடம்பு அசையாமல் நிற்க வேண்டும். கை தளர்ந்து உடம்பும் கூடவே பின்னால் போனால், ஸ்லைடுக்கு ஓட இடம் போதாது. அது பாதியில் திரும்பிவிடும். ஒன்றேகால் கிலோவை நெருங்கும் இரும்பை, இருபத்தைந்து வருஷமாகக் கீபோர்டு மட்டுமே தட்டிய கையில் கொடுத்தால் அது வேறு எப்படிப் பிடிக்கும்? காப்பித் தம்ளரைப் பிடிக்கிற மாதிரிதான் பிடித்திருந்தேன்.

வீட்டில் வந்து, "கண்டுபிடிச்சாச்சு, கை பிரச்சனை" என்றேன்.

"எது கை பிரச்சனை?"

"ஜாம் ஆகறதுதான்."

"எந்த ஜாம்?"

என் மனைவி சாஃப்ட்வேர் டெஸ்டர். நான் டெவலப்பர். இந்த இரண்டு ஜாதிக்கும் கல்யாணப் பொருத்தம் பார்க்கிறபோது ஜோசியர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து, "எல்லாத்தையும் ஜாம்னு எழுதினா எந்த டெவலப்பர் சரிசெய்வான்? தோட்டா மூக்கு குத்தி நிக்கறது ஒண்ணு. ஓடு நட்டுக்கிட்டு நிக்கறது வேற ஒண்ணு. எது, எத்தனாவது குண்டுல, எந்த மேகசின்ல?" என்றாள்.

முதல் இரண்டுக்கு உத்தேசமாக ஒரு பதில் இருந்தது. மூன்றாவதுக்கு இல்லை. எந்த மேகசின் என்று நான் பார்த்ததே இல்லை. அல்லது, பார்க்கத் தேவையே இருக்கவில்லை: எப்போதும் அந்தக் கருநீலத்தைத்தான் முதலில் மாட்டுவேன். சிக்கியதும் மனம் நொந்து, கடைக்குப் போய் ஏதாவது உதிரிபாகம் வாங்குவேன். எவர்சில்வர்கள் பெரும்பாலும் பையிலேயே தூங்கின.

அவள் நகப்பூச்சை எடுத்து ஒவ்வொரு மேகசினின் அடியிலும் பொட்டு வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு பொட்டு. 18.5 ஸ்பிரிங்கைக் கழற்றி 16-ஐ மாட்டச் சொன்னாள். "ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும். நீங்க ஆறு மாத்திட்டீங்க" என்றாள். சனிக்கிழமை இருவரும் போனோம். ஒரே ரகத் தோட்டா, ஒரே கை, ஒவ்வொரு மேகசினிலும் மூன்று முறை ஏழு. நான் இறுக்கிப் பிடித்துச் சுட, அவள் பின்னால் நின்று வழித்துணைக்கு வந்த தணிக்கை அதிகாரி மாதிரி எழுதிக்கொண்டே வந்தாள். ஒற்றைப் பொட்டு, சுத்தம். இரண்டு பொட்டு, சுத்தம். மூன்று பொட்டில் ஒரு புகைபோக்கி. "பிடி நழுவிச்சு, நான் பார்த்தேன்" என்று ஓரத்தில் குறிப்பு. நான்கு பொட்டு, அதாவது என் கருநீலம்: மூன்று தடவையும் மூன்றாவது தோட்டா மூக்கு குத்தியது.

வீட்டில் அந்த மேகசினைக் காலி செய்து, மேல் வாய் வழியாகத் துடைப்பக் குச்சி ஒன்றை விட்டு, தோட்டாக்களைத் தாங்கும் பலகையை மெல்ல அழுத்தினாள். வழுக்கிக்கொண்டு போய், ஓரிடத்தில் டக்கென்று நின்று, தயங்கி, பிறகு போனது. திரும்ப வரும்போதும் அதே இடத்தில் தயக்கம். விளக்கருகே சாய்த்துப் பார்த்தால், பக்கச் சுவரில் நகத்தால் மட்டும் உணரக்கூடிய ஒரு நசுங்கல். இரண்டு தோட்டா போனதும் பலகை ஏறிவந்து நிற்கும் உயரம் சரியாக அதுதான். அங்கே அது ஒரு கணம் தாமதித்தால், மூன்றாவது தோட்டா மேலே வந்து நிற்பதற்குள் ஸ்லைடு வந்துவிடும். பஸ் நிற்கும் நேரத்துக்குள் ஸ்டாப்புக்கு வந்து சேராத பயணி.

"இது எங்கேயோ விழுந்திருக்கு" என்றாள் மனைவி.

"விக்கறதுக்கு முன்னாடி அந்தப் பெரியவர் போட்டிருப்பார்."

அவள் மேகசினின் நசுங்கிய பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். தேய்ந்த நீலத்தில் வெள்ளை வெளேரென்று சிமென்ட் தூள் இன்னும் ஒட்டியிருந்தது. எங்கள் கராஜ் தரையை நான்தான் போன வருஷம் அந்த வெளிர்நிறத்தில் பூசவைத்தேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதில் அவளுக்கு இருபது வருஷப் பயிற்சி.

ஸ்பிரிங், எக்ஸ்ட்ராக்டர், எண்ணெய், ஹாலோ பாயின்ட், கடையில் கொடுத்த ஆலோசனைக் கட்டணம் எல்லாவற்றையும் அன்றிரவு கூட்டிப்பார்த்தாள். புது மேகசின் ஒன்றின் விலையால் வகுத்தாள். விடையை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டாள். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

நசுங்கிய மேகசினைச் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் எப்படியாவது பைக்குள் திரும்பி வந்துவிடும் என்று சுடுமிடத்து அம்மாள் எச்சரித்திருந்தார். சுத்தியலைத் தூக்கினேன். கை வரவில்லை. மேஜை டிராயரில் போட்டுவைத்தேன். மறு வாரம் பையைக் கட்டும்போது மனைவி வந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பொட்டை எண்ணினாள். நான்கு பொட்டை எடுத்துப் போய் அவளே அடித்தாள். மூன்றே அடி, அவள் மணிக்கட்டு வெண்ணெய் இல்லை.

அன்று அவளும் சுட்டாள். ஒரு பெட்டி, ஐம்பது தோட்டா. தையல் மெஷின் மாதிரி ஓடியது.

திரும்பி வந்து ஷூவைக் கழற்றும்போது அம்மா அழைத்தாள்.

"மேகசின் வந்துச்சாடா?"

"வந்துடுச்சும்மா. மூணு இருக்கு. எல்லாம் சரியா இருக்கு."

"மூணு வாரத்தையும் ஒண்ணா அனுப்பிட்டானா? பரவாயில்ல. தொடர்கதையை முதல்லேருந்து படிடா. நீ எப்பவும் நடுவுலதான் பிரிப்பே."